கீர்த்திகாவுக்குக் கிடைத்த தொண்ணூறு நாள்

பெரியநாயகிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேடு ஒன்றை அவர் முன்னால் விரித்தால், எழுத்தின் சாய்வைப் பார்த்தே ஏறக்குறைய ஆண்டைச் சொல்லிவிடுவார். "இந்தக் கையெழுத்துக்காரரு முப்பத்தெட்டோட போயிட்டாருங்க. நீங்க கேக்குறது நாப்பத்தொன்னு. அடுத்த தட்டுல பாக்கணும்" என்பார். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் இருபத்தேழு ஆண்டுகள் அட்டெண்டராக இருந்ததில் வந்த படிப்பு அது.

வீடு நெரவியில். கணவர் தெட்சிணாமூர்த்திக்கு நெல் விவசாயம். ஒரே மகன் ஹரிஹரன், சென்னைத் தொழிற்சாலை ஒன்றில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர். பெரியநாயகி காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு எட்டேகால் பஸ்ஸைப் பிடிப்பார்.

ஜூலை, ஆகஸ்டில் ஆவண அறைக்குக் கூட்டம் வரும். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், தாத்தா பிறந்த பதிவைக் கேட்டு நிற்பார்கள். கிடைக்காதோ என்று முகம் வாடினால் பெரியநாயகி சொல்வது ஒன்றுதான். "காயிதம் தொலையாதுங்க. எடம் மாறித்தான் இருக்கும். செத்த உக்காருங்க." பெரும்பாலும் பதிவேட்டோடுதான் வெளியே வருவார். வீட்டிலும் அப்படியே. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மின்கட்டண ரசீது கேட்டால்கூட எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் தன் கையால் தொலைத்த காகிதம் ஒன்று உண்டு. அது அவருடைய தங்கை சுகிர்தாவின் பாஸ்போர்ட்.

சுகிர்தா அவரைவிடப் பதினேழு வயது இளையவள். அவளுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டதால், வளர்த்தது முழுக்கப் பெரியநாயகி. ஊரில் புதிதாக வந்தவர்கள் மகள் என்றே நினைப்பார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் அவளைச் செம்பியனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். செம்பியனின் தாத்தா, பிரெஞ்சுக்காரர் போன பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். அது பேரன்வரை வந்திருந்தது. பாரிசுக்குப் பக்கத்தில் ஓட்டல் சமையலறையில் வேலை. ஏழு வருடம் கழித்து அங்கே கீர்த்திகா பிறந்தாள். குழந்தைக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட். சுகிர்தா மட்டும் இந்திய பாஸ்போர்ட்டையே வைத்திருந்தாள். "மாத்திக்கலாம்க்கா, என்ன அவசரம்" என்பாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. உடலைக் கொண்டுவரும் காலமில்லை அது. மறுவருடம் ஜூலையில் செம்பியன் சாம்பலோடு வந்தான். ஆறு வயதுக் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு நெகிழிப் பையைப் பெரியநாயகியிடம் கொடுத்தான். உள்ளே சீப்பு, மூக்குக் கண்ணாடி, அரக்குப் புடவை, பாஸ்போர்ட். "இதெல்லாம் ஒங்ககிட்ட இருக்கட்டும் அண்ணி" என்றான்.

காரைக்கால் கடற்கரையில் சாம்பலைக் கரைத்தார்கள். சடங்கு செய்தவர், "அவங்க பிரியமா வச்சிருந்தது எதாச்சும் இருந்தா சேத்து விட்டுடுங்க" என்றார். பெரியநாயகி புடவையை எடுத்தார். மடிப்புக்குள் பாஸ்போர்ட்டையும் வைத்தார். இந்தப் புத்தகம்தானே அவளைக் கொண்டுபோனது என்று அந்த நிமிடம் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. அலை இரண்டு முறை புடவையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மூன்றாவது முறை இடுப்பளவு நீரில் இறங்கி நின்று தள்ளிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, இருபத்துநான்கு ஜூலை நான்காம் தேதி, செம்பியனும் கீர்த்திகாவும் விடுமுறைக்கு வந்தார்கள். கீர்த்திகாவுக்கு எட்டு வயது. வந்த இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், சமையலறையில் கண்ணாடியைத் தேடி அலைந்த பெரியநாயகியைப் பார்த்து, "பெரியம்மா, அது ஒன் தலையில இருக்கு" என்றாள்.

"அத இவ்ளோ நேரம் பாத்துக்கிட்டா இருந்த?"

"நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்."

செம்பியன் கூடத்திலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றான். மகள் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அவன் பத்தாம் தேதி கிளம்ப வேண்டும். குழந்தை ஆகஸ்டு கடைசிவரை இருப்பதாக ஏற்பாடு. கார் வந்து நின்ற பிறகு சொன்னான். "அண்ணி, ஒன்னு கேக்கணும். இவ அங்க பேசறதே இல்ல. ஸ்கூல்லயும் இல்ல, வூட்டுலயும் இல்ல. எனக்கு வேல முடிய பதினொன்னாவுது. பக்கத்து வூட்டம்மாதான் சோறு போட்டுப் படுக்க வைக்கிறாங்க. இங்கயே ஒங்ககூடவே வச்சிக்கிறீங்களா?"

பெரியநாயகிக்கு முன் தெட்சிணாமூர்த்தி முந்திக்கொண்டார். "இது என்னா தம்பி கேள்வி? நம்ம புள்ள நம்ம வூட்டுல இருக்குறதுக்கு எவனக் கேக்கணும்? நாளைக்கே ஸ்கூல்ல சேத்துடுறேன்."

அந்த ஊரில் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தெருவுக்கு நான்கு வீட்டில் பிரான்சிலிருந்து பிள்ளைகள் வந்து போகின்றன. அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் என்று எவரும் நினைப்பதில்லை.

ஹரிஹரன்தான் போனில் தடுத்தான். "நம்ம புள்ளதான்ப்பா. ஆனா பாஸ்போர்ட்டு பிரெஞ்சு. விசா தொண்ணூறு நாளு. அக்டோபர் ஒன்னாந்தேதி தாண்டி ஒரு நாள் இருக்கக்கூடாது. அதுல படிக்கவும் முடியாது."

"பாவாட நாடா கட்டத் தெரியாத புள்ளைக்கு விசாவாம்டி நாயகி" என்று தெட்சிணாமூர்த்தி சிரித்தார். பெரியநாயகி சிரிக்கவில்லை. காகிதத்தின் பலம் அவருக்குத் தெரியும்.

வழியும் ஹரிஹரனே சொன்னான். தாய் இந்தியக் குடிமகள் என்பதால் கீர்த்திகாவுக்கு ஓ.சி.ஐ. கார்டு வாங்கலாம். அது இருந்தால் விசா வேண்டாம். எத்தனை காலம் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம், படிக்கலாம். விண்ணப்பத்தைச் செம்பியன் அங்கிருந்து போட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று இணையத்தில் படித்திருந்தான். இப்போதே தொடங்கினால் செப்டம்பர் நடுவில் கையில் இருக்கும். தேவையான காகிதங்களை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஆறு வரி. ஆறாவது வரி: 'சித்தி பாஸ்போர்ட், ஒரிஜினல்.'

"ஒங்கிட்டதானம்மா குடுத்தாரு மாமா?"

அவன் செம்பியனை மாமா என்றே கூப்பிடுவான். சித்தப்பா என்று கூப்பிட்டால் வயதாகிவிட்டதுபோல் இருக்கிறது என்று செம்பியனே சொன்னது.

"ஆமா. பீரோல இருக்கும். பாத்து எடுத்து வைக்கிறேன்" என்றார் பெரியநாயகி.

சொல்லிவிட்டு வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஊராருக்கெல்லாம் காகிதம் எடுத்துக் கொடுத்தவர், தங்கை பிள்ளைக்குத் தேவையான ஒரே காகிதத்தைக் கடலில் விட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று நினைத்தார்.

மறுநாள் கேட்டபோது, "தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். மூன்றாம் நாளும் அதையே சொன்னார். அதன்பின் உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிப்போனது.

ஜூலை கடைசியில் காரைக்காலிலிருந்து கமர் நிஷா பாரிசுக்குக் கிளம்ப இருந்தார். தாத்தாவின் பதிவுக்காக வந்து பழக்கமானவர். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்ச் செம்பியனிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். அலுவலகத்துக்கே இரண்டு முறை வந்து கேட்டார்.

"என்னாக்கா, இன்னும் கெடைக்கலியா? எங்க அப்பாவோட அப்பா காயிதத்த அர மணி நேரத்துல எடுத்தீங்க. ஒங்க வூட்டுப் பீரோ என்னா அவ்வளவு பெருசா?"

"கெடச்சுடும்மா."

"நாள சாயங்காலம் மக்ரிபு தொழுகைக்குள்ள கெடச்சாலும் ஆளனுப்புங்க, வாங்கிக்கிறேன். துஆ செய்றேன்க்கா. அல்லா லேசாக்கி வைப்பான்."

பெரியநாயகி ஒரு பதிவேட்டை எடுத்து, தூசி இல்லாத அதன் முதுகைத் துடைத்தார். கமர் நிஷா வெறுங்கையோடுதான் விமானம் ஏறினார்.

இதற்கிடையில் கீர்த்திகா பேச்சில் வீட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். தெட்சிணாமூர்த்தியோடு வயலுக்குப் போய்வந்து, "பெரியப்பா மாட்டுக்கிட்ட மட்டும் வாங்க போங்கன்னு பேசறாரு, ஒன்கிட்ட மட்டும் வாடி போடிங்கிறாரு" என்று கோள் சொன்னாள். "மாடு பால் குடுக்குது" என்றார் தெட்சிணாமூர்த்தி. பாஸ்போர்ட் தேடும் வேலையை அவளும் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. பெரியநாயகி அலுவலகம் போனதும் பீரோவைத் திறந்து கவர் கவராகப் பார்ப்பாள். அம்மாவின் படம் அதில் எப்படி இருக்கும் என்று கேட்பாள். நெற்றியில் பெரிய பொட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பாள் என்று பெரியநாயகி சொன்னார். அந்தப் படம் எடுக்கக் கூட்டிப்போனதே அவர்தான்.

ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது கூடம் முழுக்க ரசீதுகள். நடுவில் கீர்த்திகா.

"பெரியம்மா, நீ எல்லாத்தையும் வச்சிருக்க. கரண்டு பில்லு வச்சிருக்க. பசுமாட்டு இன்சூரன்ஸ் வச்சிருக்க. அம்மாவோடத மட்டும் வைக்கல."

குற்றமாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். பெரியநாயகி பையைக்கூட வைக்காமல் கீழே உட்கார்ந்து ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி ஹரிஹரன் வந்தான். காலைப் பலகாரம் சாப்பிட்ட கையோடு தரையில் போர்வையை விரித்துப் பீரோவின் மேல்தட்டிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு கவரையும் திறந்து, பார்த்து, இடப்பக்கம் வைத்தான். பார்க்காதது வலப்பக்கம். தொழிற்சாலையில் பழுது தேடும் முறை. மேல்தட்டு முடிந்தது. நடுத்தட்டு முடிந்தது. மூன்று மணி நேரம். கீர்த்திகா தெட்சிணாமூர்த்தியோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பெரியநாயகி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடைசியா எப்பம்மா பாத்த?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"எந்த எடத்துல? பீரோலயா, அலமாரிலயா?"

அவன் கீழ்த்தட்டை இழுத்தான். அதில் பழைய புடவைகள் இருந்தன. ஒன்றை எடுத்து மடிப்புக்குள் கைவிட்டுப் பார்த்தான். அதைப் பார்க்கத்தான் பெரியநாயகியால் முடியவில்லை.

"தேடாதடா. அங்க இல்ல."

"பின்ன?"

"கடக்கரையில."

அவன் புரியாமல் பார்த்தான்.

"அவ பொடவைக்குள்ள வச்சு விட்டுட்டேண்டா. சாம்பல் கரைச்சப்போ. நாந்தான் விட்டேன்."

ஹரிஹரன் கையிலிருந்த புடவையை மடித்து வைத்தான். கத்தவில்லை. கணக்குப் போட்டான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. பாஸ்போர்ட் இல்லன்னா சித்தியோட பொறப்புச் சான்று, ஸ்கூல் டி.சி. வச்சுக் கேட்டுப் பாக்கலாம். பொறப்புப் பதிவு ஒன் ரூம்லதான இருக்கு? பத்தாந்தேதி சொல்லியிருந்தா பதினொன்னாந்தேதி எடுத்திருப்ப. முப்பத்தாறு நாளும்மா. முப்பத்தாறு நாள வீணடிச்சிட்ட."

அந்தப் பதிவேடு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்று பெரியநாயகிக்குத் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் தன் ஸ்டூலுக்குப் போவார். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு அது மாற்றாகும் என்பது தெரியாது. அவன் அனுப்பிய ஆறாவது வரியில் பாஸ்போர்ட் என்று மட்டும்தான் இருந்தது. இணையத்தில் இருந்த வாசகம் 'பாஸ்போர்ட் அல்லது வேறு சான்று' என்பது. எளிதான வழி கையில் இருக்கும்போது மற்றது எதற்கு என்று ஹரிஹரன் பின்பாதியைச் சேர்க்காமல் விட்டிருந்தான். அதை அவன் அன்று சொல்லவில்லை.

மறுநாளும் புதுச்சேரி மாநிலத்துக்கு விடுமுறை. அதன்பின் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், எண்பத்திரண்டாம் ஆண்டுப் பதிவேட்டைப் பெரியநாயகியே இறக்கினார். சான்று அன்று மதியமே கையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழின் நகல் எடுத்துக் கொடுக்கப் பத்து நாள் ஆனது. செம்பியன் விண்ணப்பம் போட்டது செப்டம்பர் ஐந்தாம் தேதி. எட்டு வாரம் என்றால் அக்டோபர் கடைசி. விசா அக்டோபர் ஒன்றோடு சரி.

அங்கே பள்ளி திறந்துவிட்டது. பிள்ளை எங்கே என்று கேட்டுச் செம்பியனுக்குக் கடிதம் வந்தது. அவன் பயந்த சுபாவம். "அண்ணி, சட்டத்த மீறி எதுவும் வேண்டாம். இப்ப கூட்டிட்டு வந்துடுறேன். கார்டு வந்ததும் நானே கொண்டாந்து விடுறேன்" என்றான்.

"விடுவீங்களா தம்பி?"

"சத்தியமா அண்ணி."

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி, எண்பத்தெட்டாவது நாள், கீர்த்திகா கிளம்பினாள். காரில் ஏறும்வரை அழவில்லை. பாதித் துணிகளை எடுக்க மாட்டேன் என்றாள். "திரும்பி வரத்தானே போறேன். எதுக்கு ரெண்டு தடவ தூக்கணும்?" என்று கேட்டாள். பெரியநாயகி அவற்றைத் துவைத்து மடித்து, பீரோவின் கீழ்த்தட்டில் புடவைகளை ஒதுக்கி இடம் செய்து வைத்தார்.

கார்டு நவம்பர் இரண்டாம் வாரம் வந்தது. செம்பியன் படம் எடுத்து அனுப்பினான். காலாவதி தேதி என்று எதுவும் இல்லை, ஆயுள் முழுக்க. பெரியநாயகி பக்கத்துப் பள்ளியில் பாதி ஆண்டில் சேர்க்க முடியுமா என்று விசாரித்து வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு போன் செய்தார். செம்பியன் சுற்றிவளைத்துப் பேசினான். வேலை நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொண்டானாம். பிறகு சொன்னான்.

"கோச்சுக்காதீங்க அண்ணி. அங்கேருந்து வந்ததுலேருந்து பேசறா. டீச்சரம்மாவே கூப்புட்டுச் சொன்னாங்க. சாயங்காலம் நான் வந்தா வாய் ஓயமாட்டேங்குது. மாடு, பெரியப்பா, நீங்கன்னு… இப்ப எப்படி அண்ணி நான் விடுறது?"

"சரி தம்பி."

"நீங்கதான் அவள மாத்தி அனுப்புனீங்க."

"சரி தம்பி. புள்ள நல்லா இருந்தா போதும்."

போனை வைத்துவிட்டுப் பெரியநாயகி கொல்லைப்பக்கம் போனார். தெட்சிணாமூர்த்தி, "என்னா சொல்றான்?" என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அடுத்த ஜூலையில் கீர்த்திகா மூன்று வாரம் வந்து போனாள். விட்டுப்போன அரைப் பாவாடை எல்லாம் சின்னதாகிவிட்டது. கூட்டாளிகளின் பிறந்தநாள் இருக்கிறது என்று சீக்கிரம் போக வேண்டும் என்றாள். பெரியநாயகி அப்போது பணி ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் அவருக்குப் பிறகு வந்த பெண், பதிவேடு கிடைக்காதபோது வீட்டுக்குப் போன் செய்து கேட்பாள். படுத்துக்கொண்டே தட்டு எண்ணைச் சொல்வார்.

ஆகஸ்டில் ஹரிஹரன் வந்திருந்தான். மாடு கட்டும் இடத்துக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். பெரியநாயகி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, ஒன்னு கேட்டா நேரா பதில் சொல்லுவியா?"

"சொல்லும்மா."

"அன்னிக்கே நான் சொல்லியிருந்தா, புள்ள இங்க இருந்திருக்குமா?"

ஹரிஹரன் திருகாணியை முடுக்கிக்கொண்டே யோசித்தான். ஜூலை பதினொன்று, பதிவு நகல். இருபதுக்குள் விண்ணப்பம். செப்டம்பர் நடுவில் கார்டு. விசா முடிய இரண்டு வாரம் மிச்சம். கணக்கில் பிழையில்லை.

"இருந்திருக்கும்மா" என்றான்.

"ம்" என்றார். ஏணியை விடவில்லை. அவன் இறங்கிவந்த பிறகுதான் கையை எடுத்தார். "சாப்புட வா" என்று உள்ளே போனார்.

வேறு பதில்களும் இருந்தன. கார்டு கிடைத்திருந்தாலும் செம்பியன் ஒரு வருடத்தில் வந்து அழைத்துப்போயிருப்பான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யாக இருந்திருக்காது. ஆறாவது வரியில் பாதியைத் தான் விட்டுவிட்டதைச் சொல்லியிருக்கலாம். அது பொய்யே இல்லை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை, சோறு வடித்து நிமிர்ந்தபோது பெரியநாயகிக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வயது அறுபது.

ஏணிக்கும் அந்தக் காலைக்கும் இடையில் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. பதினாறிலும் ஹரிஹரன் போன் செய்தான். மழை பெய்ததா, அப்பா மாத்திரை போட்டாரா, புது விளக்கு எரிகிறதா என்று கேட்டான். எரிகிறது என்று அவர் சொன்னார்.